மார்கழி இருமலும் அருகிருந்து பேணுவோரும்



ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகையும் கழிந்து, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் விடியலின் முதல் ஒலி சேவலுடையது அன்று. யாரோ ஒருவர் இருமும் ஒலியே. ஈரத்தலையுடன் ஜினாலயம் நோக்கி நடக்கும் பெரியவர் இருமுகிறார். வாசலில் கோலமிடும் அம்மையார் இருமுகிறார். உள்ளே போர்வைக்குள் பேரப்பிள்ளை இருமுகிறது. "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும், தை பிறந்தால் போய்விடும்" என்னும் சொல் ஒவ்வோர் இல்லத்திலும் கேட்கிறது. அச்சொல் பெரும்பாலும் பலித்தும் விடுகிறது. பலிக்காத இருமல் எது, அதனை எப்போது, எவ்வாறு கண்டுகொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். முதல் மூன்றைப் பற்றிப் பேசுவோர் பலர். நான்காமவரை நினைப்போர் சிலரே. ஆயினும் இருமலைப் பொறுத்தவரை நான்காமவரே முதல்வர். மருத்துவர் முன் நோயாளி அமர்ந்திருப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் இருமல் வராமலே போகலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அமர்ந்து இருமியது யார், படுத்தால் மிகுகிறதா, எழுந்தால் தணிகிறதா, சென்ற மாதம் பொருந்தியிருந்த சட்டை இம்மாதம் ஏன் தொளதொளக்கிறது என்பனவெல்லாம் வீட்டில் உடனிருப்பவர்க்கே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதில்தான் இடர் தொடங்குகிறது.

இருமல் தன்னளவில் நோய் அன்று, காவல். மூச்சுக்குழலுள் சளியோ புகையோ தூசியோ புகுந்தால் அதனை வெளியே தள்ள உடல் செய்யும் முயற்சி அது. நள்ளிரவில் வாசலில் நாய் குரைத்தால், வந்தது யார் என்று பார்ப்பார்களேயன்றி நாயின் வாயைக் கட்டமாட்டார்கள். பனி தானாகவே இருமலைக் கொணர்வதும் இல்லை. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, கொசுவர்த்தியும் ஏற்றி, ஐவர் ஓர் அறையில் உறங்கும்போது ஒருவரது சளிக்கிருமி ஐவர்க்கும் பரவுகிறது. போகியன்று எரியும் பழம்பொருள்களின் புகை அதற்குத் துணை செய்கிறது. பனியைத் தூற்றிவிட்டுப் புகையை மறந்துவிடுவது ஊர் வழக்கம்.

கைவைத்தியத்தைக் குறை கூற வேண்டுவதில்லை. சமணப் புலவர் கணிமேதாவியார் தம் நீதிநூலுக்கு ‘ஏலாதி’ என்று மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலத்தை முதலாகக் கொண்ட அவ்வாறு சரக்குகளுள் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் உண்டு. காரியாசான் இயற்றிய ‘சிறுபஞ்சமூல’த்தின் ஐந்து வேர்களுள் ஒன்றான கண்டங்கத்திரி, சித்த மருத்துவத்தில் இருமலுக்குப் பேர்பெற்றது. பிற இல்லங்களில் தேனில் குழைத்துக் கொடுப்பதைத் தேன் விலக்கிய இல்லங்கள் பனங்கற்கண்டுடன் கொடுத்துவருகின்றன. அதனால் ஒரு குறையும் இல்லை. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவமும் சொல்கிறது. இளஞ்சூடான நீரும், மிளகு ரசமும், உப்புநீர்க் கொப்பளிப்பும் தொண்டைக்கு இதம் தருவன. ஆவி பிடிக்கும்போது மட்டும் கருத்து வேண்டும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் சிறுவர்க்கு, வந்த சளியைவிட அப்புண்ணே பெருந்துன்பமாகிவிடும். இவையெல்லாம் இருமலைத் தணிப்பன. இருமலின் காரணத்தை அறிவிப்பன அல்ல.

இனி நாள் கணக்கு. சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இருமல் எத்தனை நாள் நீடிக்கும்? அமெரிக்க மருத்துவர் சிலர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013இல் எழுதிய கட்டுரையில், சராசரி ஏறத்தாழ 18 நாள் என்று கண்டனர். அங்குள்ள மக்களைக் கேட்டபோது, 7 முதல் 9 நாளில் தீர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தனர். இந்த இடைவெளியில்தான் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் புகுந்துவிடுகின்றன. ஐந்தாம் நாளே மருந்துக்கடையில் நின்று, சென்ற ஆண்டுச் சீட்டை நீட்டி, அதே மாத்திரையை வாங்கி இரண்டு நாள் விழுங்கி நிறுத்திவிடுவோர் எல்லா ஊரிலும் உளர். சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரசின் மேல் ஆன்டிபயாட்டிக் செயற்படாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதாலேயே அம்மருந்து வேண்டும் என்பதும் இல்லை.

அவ்வாறாயின் 18 நாள் பொறுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இந்திய நாட்டின் கணக்கு வேறுபடுகிறது. இரண்டு வாரம் கடந்த இருமல் எதுவாயினும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டம் வகுத்த எல்லை. அந்த எல்லையைக் கடந்தவர் பெரும்பாலோர்க்கு அந்நோய் இராது. சில நாளில் இருமல் தானே அடங்கிவிடும். எனினும் யாருக்கு இல்லை என்பதைச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சொல்ல வேண்டுமேயன்றி, வீட்டுத் திண்ணை சொல்லக்கூடாது. ஆகவே இருமல் தொடங்கிய நாளைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டித் தாளிலேயே குறித்துவைப்பது நல்லது. "போன வாரம் வந்தது போல இருக்கிறது" என்று சொல்லப்படும் இருமல், எண்ணிப் பார்த்தால் தீபாவளிக்கு மறுநாள் தொடங்கியதாக இருக்கும்.

நாளே எண்ணக்கூடாத இருமலும் உண்டு. பேசிக்கொண்டிருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டாமல் மூச்சு வாங்கினாலும், உதடோ நகமோ நீலம் பாரித்தாலும், சளியில் இரத்தம் ஒரு கோடளவு தென்பட்டாலும், மூச்சை இழுக்குந்தோறும் நெஞ்சில் குத்தினாலும், தணிந்த காய்ச்சல் இரண்டொரு நாள் கழித்து மீண்டும் கடுமையாக ஏறினாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சு முட்டுவதும் நீலம் பாரிப்பதும் 108 ஊர்தியை அழைக்க வேண்டிய நிலை. விடியட்டும் என்று காத்திருக்கும் நிலை அன்று. கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி பல வீடுகளில் அலமாரியில் உறங்குகிறது. புது மின்கலம் இட்டு அதனை எழுப்பிவிடலாம். பனிக்காலத்தில் விரல் சில்லிட்டிருந்தால் மானி குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கியபின் பார்க்க வேண்டும். முன்பே நுரையீரல் நோய் இல்லாதவர்க்கு 94க்குக் கீழ் நின்றால் அன்றே மருத்துவர். 90க்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனை. மானி நல்ல எண் காட்டுகிறது என்பதற்காக, கண்ணெதிரே மூச்சுக்குத் திணறுபவரை வீட்டில் வைத்திருப்பதும் தவறு.

முதியோர் செய்தி தனி. இளையோர்க்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் கொதிக்கும். எண்பது வயதுப் பாட்டிக்குக் காய்ச்சலே இல்லாமல் அது வரலாம். சோறு வேண்டாம் என்பார், பகலெல்லாம் உறங்குவார், இரவில் மகனை மாமனார் பெயர் சொல்லி அழைப்பார். வீட்டார் அதனை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுவர். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று தடுமாறுகிறார், கூடவே சிறிது இருமுகிறார் என்றால், அது மருத்துவர் காண வேண்டிய நிலை.

குழந்தைகளுக்கு இன்னும் எளிய அளவு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளர்க்கும் கற்பிப்பது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40 என்ற எண்ணை மூச்சு எட்டினாலோ மிஞ்சினாலோ அது விரைந்த மூச்சு. மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க மாட்டாமல் துவண்டாலும் எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

இருமல் சிரப்பைப் பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்கள் குடித்த இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. அம்மருந்து செய்யப்பட்ட இடம் காஞ்சிபுரம் மாவட்டம்; தொலைவில் நடந்த செய்தி என்று தள்ளிவிட முடியாதது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கலாகாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாக அவை வேண்டியதில்லை என்று நடுவண் அரசு அப்போது அறிவுறுத்தியது. மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் வைத்த புட்டியை இளைய பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இன்றே நிற்க வேண்டும்.

"இவருக்கு ஒவ்வொரு மார்கழியும் இப்படித்தான்" என்று சொல்லப்படும் இருமலை மருத்துவர் கூர்ந்து கேட்பார். ஆண்டுதோறும் பனியில் வந்து, பின்னிரவில் மிகுந்து, மூச்சில் விசில் போல் ஒலி எழுப்புவது ஆஸ்துமாவாக இருக்கலாம், இன்ஹேலரால் அடங்கக்கூடியது. பல்லாண்டு விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த தாய்மார்க்குப் பீடியைத் தொடாமலே, பீடி புகைத்தவர்க்கு வரும் நுரையீரல் நோய் வரலாம். படுத்தால் இருமல், தலையணை இரண்டு மூன்றாக உயர்தல், மாலையில் கால் வீக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலிய மாத்திரைகள் சிலர்க்கு ஓயாத வறட்டிருமலைத் தரும். மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறொன்று மாற்றித் தருவார். சுக்குக் கஷாயம் ஆறு மாதம் குடித்தும் தீராத இருமல், ஒரு மாத்திரையை மாற்றியதும் சில வாரங்களில் நின்றுவிடுவதுண்டு.

இனிச் சொல்லப்படுவது எல்லாரும் அறிந்தும் வாய்விட்டுப் பேசாதது. ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஐந்து வாரமாக இருமுகிறார். மாலையில் இலேசான காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பில் வேட்டி நிற்பதில்லை. மருமகளுக்கு ஐயம் எழுகிறது. ஆனால் பேத்திக்கு வரன் பார்க்கும் நேரம். தமிழ்ச் சமணர் தொகையோ சிறிது. ஓரூரில் தும்மினால் ஒன்பது ஊரில் கேட்கும். கொடுத்ததும் கொண்டதும் எல்லாம் உறவு. "தைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியார் சொல்கிறார். மருமகளும் வாய் மூடிக்கொள்கிறார். அந்தத் தைக்குள் தாத்தாவின் நுரையீரலில் குழி விழுகிறது. அவர் மார்பிலேயே உறங்கும் மூன்று வயதுப் பேரன் அக்காற்றையே மூச்சாக இழுக்கிறான். எந்த மரியாதையைக் காக்க நினைத்தார்களோ, அது இரண்டு நோயாளிகளாகப் பெருகி மருத்துவமனை வாசலில் நிற்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அவ்வில்லத்தார்க்கு யாரும் சொல்லவில்லை.

இந்த அச்சத்திற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. மருந்தில்லாத நாளில் நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமுமே மருத்துவம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அக்கருத்தில் எழுந்ததே. இன்றும் அங்குள்ள இரயில் நிலையம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்துத் தொலைவில் வைப்பதே முறை என்று உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை மாற்றியது சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும், மறு பிரிவினர்க்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தோர் பெரும்பாலும் வறியவர், இடநெருக்கடியில் வாழ்ந்தவர். ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாயினர்; வீட்டில் இருந்தோரின் உறவினர்க்கு அதனால் நோய் மிகவும் இல்லை. 1959இல் வெளிவந்த அம்முடிவு உலக நாடுகளின் மருத்துவ முறையையே திருப்பியது. தமிழ் மண்ணில் தெளிந்த அவ்வுண்மையைத் தமிழ் இல்லங்கள் அறுபது ஆண்டு கடந்தும் அறியாதிருப்பதுதான் வியப்பு.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊட்டத்திற்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோர்க்குப் பிறர்க்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஊரார்க்கு அஞ்ச வேண்டிய காலம் மருந்து உண்ணும் ஆறு மாதம் அன்று. மறைத்து வைத்த ஐந்து வாரம். உடன் வாழ்ந்தவர்களையும், சிறப்பாகக் குழந்தைகளையும் பரிசோதித்து, வேண்டுமாயின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இருமல் நின்றதும் இரண்டாம் மாதத்திலேயே மாத்திரையை நிறுத்திவிடுவோர்க்கு மருந்துக்கு அடங்காத நோய் வந்து சேரலாம். அதன் மருத்துவம் கடினமானது. பேணுபவர் கண் அங்கும் இருக்க வேண்டும்.

விரதமுடைய முதியோர் சிலர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கதிரவன் மறைந்தபின் ஒன்றும் உட்கொள்ளாதவர், இரவு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவாரோ என அஞ்சுகிறார். பல கேப்சூல்களின் உறை விலங்கின் எலும்பு, தோலிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது என்று அறிந்தவர் அதனை வாயில் இட மாட்டார். எழுதிக் கொடுத்ததை வாங்கி வந்து, யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிடுவார். குணமாகவில்லையே என்று மருத்துவர் இன்னும் வலிய மருந்தை எழுதுவார். இத்தனை சிக்கலும் ஒரு வாக்கியத்தில் தீரும். "இவர் இரவில் உண்பதில்லை, ஜெலட்டின் உறையுள்ள மருந்தும் ஆகாது" என்று உடன் செல்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருவேளை மருந்து பலவற்றை விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாய்வதற்கு முன் ஒருமுறை என்று அமைத்துக்கொள்ள இயலும். கேப்சூலுக்கு ஈடாக மாத்திரை வடிவில் கிடைப்பவை பல. காசநோய் மாத்திரைகளோ நாளுக்கு ஒரே வேளை. எது இயலும் எது இயலாது என்பதை மருத்துவரே கூற வேண்டும். வீட்டிலேயே கேப்சூலைப் பிரித்துத் தூளை நீரில் கரைப்பது கூடாது. சில மருந்துகள் உறையின்றி வயிற்றை அடைந்தால் பயனிழக்கும்.

மருத்துவரிடம் செல்லும் நாளில் ஒரு தாளில் சிலவற்றை எழுதி எடுத்துச் செல்வது நலம்: இருமல் தொடங்கிய தேதி, இரவில் மிகுமா பகலில் மிகுமா, காய்ச்சல் அளவு, எடை குறைந்ததா, வீட்டில் வேறு யார் இருமுகிறார், நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள் எவை. மாத்திரைப் பெயர் நினைவில் இல்லையென்றால் அட்டையையே எடுத்துச் செல்லலாம். சளிப் பரிசோதனைக்குச் சிறு டப்பா கொடுத்தால், அதில் எச்சிலைத் துப்பிக் கொடுப்பதால் பயனில்லை. காலையில் எழுந்ததும், ஒன்றும் உண்ணுமுன் வாயை நீரால் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து இருமி, நெஞ்சின் அடியிலிருந்து வரும் சளியையே எடுக்க வேண்டும். இதனை வீட்டுக்குள் செய்யாமல், முற்றத்திலோ தோட்டத்திலோ காற்றோட்டமான இடத்தில், பிறர் அருகில் இல்லாதபோது செய்து, டப்பாவை இறுக மூடி அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.